ஏழாம் பிரிவில் இல்லாத கையெழுத்து

தம்பி,

நீயும் நிவேதாவும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. போனில் படித்தால் எனக்குப் படித்த மாதிரியே இருக்காது என்று உனக்குத் தெரியும். அதனால் முக்குக் கடையில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று எத்தனையோ எழுதிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு பேர், யார் பால் காய்ச்சுவது, யார் துணி மடிப்பது என்று பதினொரு பிரிவு போட்டு எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். மனது நிறைந்துபோனது. இரண்டு இடத்தில் வாய்விட்டே சிரித்தேன். சண்டை போட்டாலும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும் என்ற நான்காம் பிரிவு நிவேதா எழுதியது. சண்டை நாளில் குழம்பைக் குறை சொல்லக் கூடாது என்று அதற்குக் கீழே இருப்பது, நீ ஒருநாள் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு சேர்த்தது. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெரிந்திருக்கிறது, சமாதானமாகவும் தெரிந்திருக்கிறது. வேறு என்ன வேண்டும் எனக்கு.

கடைசியில் சாட்சி என்று என் பெயரைப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்திருந்தாய். வைகாசியில் கல்யாணம், அதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். நான் இன்னும் போடவில்லை. ஏழாம் பிரிவில் பேனா நின்றுவிட்டது. ‘குழந்தை பிறந்தால், அதற்கு மூன்று வயது ஆகும்வரை மணமகனின் தாயார் சென்னையில் உடனிருந்து பார்த்துக்கொள்வார்.’ எழுதியது இரண்டு பேர். கையெழுத்துப் போடுவதும் அதே இரண்டு பேர். சாட்சிக்கு நான். மூன்று வருடம் தன் வீடு வாசலை விட்டுவிட்டு வரவேண்டியவள் அந்த நேரம் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றாள். நீ அவளிடம் கேட்கவே இல்லை என்று தெரிந்துபோனது.

அதனால்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. இதே தப்பை இதைவிடப் பெரிதாக, பதினான்கு பேர் கையெழுத்தோடு எழுதி, பதினோரு வருடம் பெருமையாக நடத்தியவன் நான். நிவேதாவும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். இந்த வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு மாமனாரின் வண்டவாளம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லதுதான்.

நீ நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறி எம்.ஏ. தத்துவம் படித்த காலம் நினைவிருக்கிறதா? சனிக்கிழமை காலை ஆனால் போதும், அந்த வாரம் படித்ததை எல்லாம் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடத்துவாய். ஒருநாள் நீதி நியாயம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று கூட்டத்தாரின் கதையைச் சொன்னாய். முதல் கூட்டத்தார், மனிதர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்டதுதான் நியாயம் என்கிறார்கள். நீ என் வாய்க்காலை மறிக்காதே, நானும் உன்னுடையதை மறிக்கவில்லை, மறித்தால் என்ன தண்டம் என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்வோம் என்பது அவர்கள் கட்சி. இரண்டாவது கூட்டத்தார், பேச்சுவார்த்தை எல்லாம் கிடக்கட்டும், நல்ல மனிதன் ஒருவன் இந்த இடத்தில் என்ன செய்வான் என்று பார், அப்படிப்பட்ட மனிதனாக உன்னைப் பழக்கிக்கொள் என்கிறார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் பெண்கள். நீங்கள் எல்லாரும் கூடி ஒப்பந்தம் பேசிய நேரத்தில் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார், உங்கள் நல்ல மனிதனுக்குச் சோறு பொங்கிப் போட்டது யார் என்று கேட்டார்கள். எந்த மனிதனும் தனியாக முளைத்து வந்து கையெழுத்துப் போடவில்லை, யாரோ தூக்கி வளர்த்துத்தான் வந்தான், அந்தக் கவனிப்பிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள் என்றார்கள். எனக்கு முதல் கூட்டத்தைத்தான் பிடித்தது. என் பிழைப்பே அதுதானே. நீயோ மூன்றாவது கட்சி. கையை ஆட்டி ஆட்டி அதை விளக்கிக்கொண்டு வந்தவன், நடுவில் அடுப்படிப் பக்கம் திரும்பி, “அம்மா, இன்னொரு தோசை” என்றாய். உன் அம்மா கொண்டுவந்து போட்டாள். “அந்தப் பொம்பளைங்க சரியாத்தான் சொல்லிருக்காங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தோசைக்குப் போனாள். நாம் இரண்டு பேரும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

அன்றைக்கே எனக்கு மோர்ப் பந்தல் ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. பாதிக் கதை உனக்குத் தெரியும். மீதிப் பாதி நான் நின்ற பக்கத்தில் நடந்தது.

நாம் அப்போது புதூரில், அழகர்கோவில் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே குடியிருந்தோம். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருகிற எதிர்சேவை அன்று, நம் தெருக்காரர்கள் மெயின் ரோட்டில் பந்தல் போட்டு வருகிறவர்களுக்கு நீர்மோர் கொடுப்போம். ஆரம்பத்தில் ஒரே குளறுபடி. ஒரு வீட்டில் நாலு குடம் வரும், ஒரு வீட்டில் ஒன்றும் வராது. சும்மா இருப்பேனா? நான்தான் பத்திரம் எழுதுகிறவன் ஆயிற்றே. மொட்டைமாடியில் கூட்டம் கூட்டி, ‘இதனடியில் கண்ட பதினான்கு வீட்டாரும் ஏகமனதாய்ச் சம்மதித்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை’ என்று ஆரம்பித்து, வீட்டுக்கு இரண்டு குடம் காலை எட்டு மணிக்கு, இன்னும் இரண்டு குடம் பதினோரு மணிக்கு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தவறாமல் என்று எழுதி வாசித்தேன். பதினான்கு குடும்பத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். பதினான்கு பேரில் தயிர் கடையத் தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. அது எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை. உடன்படிக்கை பதினோரு வருடம் பிசகாமல் ஓடியது. ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தலில் நிற்போம். குடம் குடமாக மோர் வரும். அழகர் நம் பந்தலைக் கடந்து போகும்போது கோவிந்தா போட்டுக் கும்பிடுவோம். வருடத்தில் நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கும் நாள் அதுதான்.

பன்னிரண்டாம் வருடம் எட்டு மணி மோர் வந்தது, பதினோரு மணி மோர் வரவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரோடு கொள்ளாத கூட்டம். அண்டாவில் அகப்பையை விட்டால் அடியில் இடிக்கிறது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பதினான்கு வீட்டிலும் பூட்டு. ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை. நம் வீட்டு வாசற்படியில் மட்டும் ஒரு குடம் மோர், மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. தட்டின்மேல் உன் அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘உப்பு போடலை. போட்டுக்கங்க.’ பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் உப்பு. பதற்றத்தில் அங்கேயே ஒரு கை அள்ளிப் போட்டேன். குடத்தோடு கிண்ணத்தையும் பந்தலுக்குத் தூக்கி வந்ததும், போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு கை போட்டேன். முதலில் வாங்கிக் குடித்தவர் நத்தத்திலிருந்து நடந்தே வந்த பெரியவர். டம்ளரை வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. “அண்ணே, வெறுந்தண்ணி இருக்கா” என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் பாண்டி வந்தார். பந்தலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தாரே, அவரேதான். அவருக்கு நம் தெருவில் வீடு இல்லை, அதனால் உடன்படிக்கையில் இடமும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவர், டீ அடுப்பை அணைத்தார். கடையில் இருந்த எலுமிச்சம்பழம் அம்புட்டையும் நறுக்கினார். தன் தண்ணீர் டிரம்மைத் திறந்துவிட்டு, பந்தலில் இருந்த டம்ளர் போதாமல் தன் கடை டம்ளரையும் வீட்டு டம்ளரையும் கொண்டுவந்து போட்டு, சாயங்காலம் வரைக்கும் நின்று கொடுத்தார். அன்றைய வியாபாரம் போயிற்று. உடன்படிக்கையில் இல்லாதவர் நீங்கள், உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று நான் அசடு வழிந்தேன். அவர் பழத்தைப் பிழிந்துகொண்டே, “தாகம்னு வந்து நிக்கிறாங்கண்ணே. இதுக்கு எதுக்குப் பேப்பரு” என்றார். எனக்கு அடித்த மாதிரி இருந்தது. பதினோரு வருடம் நான் கட்டிக் காத்த காகிதத்தை, ஒரு மனிதன் இரண்டு கையால் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். மனிதன் என்றால் பாண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று அந்த ஒரு மதியத்தில் நான் கட்சி மாறிவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். பாண்டி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், பாவம், அத்தனை நேரம் நின்றவர். வாசலில் அவர் மனைவி ஜோதி டம்ளர் மலை ஒன்றைப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் போல ஒரு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை என்று அவரிடம் மனதாரச் சொன்னேன். ஜோதி நிமிர்ந்து பார்த்தார். “நல்ல மனசுதாண்ணே, இல்லேங்கலை. விடிஞ்சாக் கடை திறக்கணும். இம்புட்டு டம்ளரையும் அந்த மனசா கழுவும்?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலைந்து டம்ளர் தேய்த்தேன். அதையும் அவர் மறுபடி கழுவி வைத்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நீங்கள். நீயும் உன் அம்மாவும். அழகர் வேடம் போட்டவர்கள் பீய்ச்சிய தண்ணீரில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, அவள் கையில் அழகருக்குப் படைக்கிற சர்க்கரைச் செம்பு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ, வாயெல்லாம் சர்க்கரை. அந்தப் பதினான்கு வீட்டுப் பெண்களும் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பேசி முடிவு செய்து, எட்டு மணி மோரைக் கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு செம்பில் சர்க்கரையை நிரப்பிக்கொண்டு மூன்றுமாவடிக்குப் போய், அழகரை எதிர்கொண்டு அழைத்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கூடவே நடந்து வந்திருக்கிறார்கள். உன் அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதைப் பார்த்தும் என் வாய் சும்மா இருந்ததா? ஏகமனதாய் எழுதிய உடன்படிக்கையை இப்படியா மீறுவது, ஊருக்கு முன்னால் என் மானம் போயிற்று என்று கத்தினேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள். “அதுல என் கையெழுத்து இருக்கா?” என்று கேட்டாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். “பதினோரு வருசமா ரெண்டு தெரு தள்ளி அழகர் போறாரு. எனக்குக் கோவிந்தா சத்தம் மட்டும் கேக்கும். மத்தைப் பிடிச்சுக்கிட்டே கும்பிட்டுக்குவேன்.”

தம்பி, அதுவரை அவளும் வருடா வருடம் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து, எப்போது பார்க்கிறாள் என்று ஒருதரம் யோசித்திருந்தால்கூட விடை தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. மோர் பந்தலுக்கு வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த வாரமே ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினேன். பதினான்கு வீட்டுப் பெண்களின் பெயரையும் சேர்த்து, அவர்களுக்கும் கோடு போட்டு, பெரிய சீர்திருத்தவாதி மாதிரி வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டேன். உன் அம்மா வாசித்துப் பார்த்தாள். குடமும் மாறவில்லை, நேரமும் மாறவில்லை, கடைகிற ஆளும் மாறவில்லை, எங்களைக் கேட்காமல் எழுதிவிட்டு எங்கள் கையெழுத்தை மட்டும் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். தெருப் பெண்கள் எல்லாம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த பங்குனியில் கூட்டம் மொட்டைமாடியில் நடக்கவில்லை. பெண்களுக்கு வேலை ஓய்கிற மூன்று மணிக்கு, நம் வீட்டு அடுப்படி வாசலில் நடந்தது. நான் வாயைத் திறக்காமல் குறிப்பு மட்டும் எடுத்தேன். எட்டு மணி மோர் பெண்கள் பொறுப்பு, பதினோரு மணி மோர் ஆண்கள் பொறுப்பு என்று முடிவாயிற்று. டம்ளர் கழுவுவது முழுக்க ஆண்கள். அந்தக் கூட்டத்துக்கு ஜோதியையும் கூப்பிட்டிருந்தாள் உன் அம்மா. அந்தப் பிரிவைச் சொன்னது ஜோதிதான். அந்த வருடம் பதினான்கு ஆண்களும் விடியற்காலையில் மத்தோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சட்டையெல்லாம் தயிர். ஆனால் மோர் நன்றாக வந்தது. நான் கடைந்ததைக் குடித்த ஒருவர் இன்னொரு டம்ளர் கேட்டார். பத்திரம் எழுதி எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஒன்று கவனி. இதையெல்லாம் பேசிவிட்டுக் கலைந்து போகலாம் என்று நான்தான் சொன்னேன். இனி எல்லாரும் மனசாட்சிப்படி நடப்போம், காகிதம் எதற்கு என்று பாண்டி மாதிரி பேசிப் பார்த்தேன். உன் அம்மா விடவில்லை. நல்ல மனசு இரண்டு வருடம் தாங்கும், மூன்றாம் வருடம் மறந்துவிடும், எழுதுங்கள் என்றாள். எழுதினோம். அதனால் உன்னுடைய மூன்று கூட்டத்தாரில் யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதி வைப்பது வேண்டும். பலசாலி பேச்சு மாறும்போது இளைத்தவன் எடுத்துக் காட்ட ஒன்று வேண்டுமே. ஆனால் யார் கூடி எழுதினார்கள் என்பதைக் காகிதம் தானாகச் சொல்லாது. எழுதாத ஒன்று திடீரென்று வந்து நிற்கும்போது பாண்டி மாதிரி ஒரு ஆள் இல்லாவிட்டால் எல்லாரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நல்ல ஆளின் பின்னால் எத்தனை டம்ளர் கிடக்கிறது என்பது எதிரில் நிற்கிற எனக்குத் தெரிந்ததா? தெரியவில்லை. மூன்றாவது கூட்டத்துப் பெண்கள் மட்டும்தான் வாசலைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு டெங்கு வந்து கிடந்த பத்து நாளும் நான் யாரோடும் எந்த உடன்படிக்கையும் போடும் நிலையில் இல்லை. ஒரு வாய் கஞ்சியைக்கூட உன் அம்மாதான் ஊட்டினாள். நாளைக்கு உங்களுக்குப் பிறக்கப் போகிற பிள்ளையும் கையெழுத்துப் போட்டுவிட்டு வரப்போவதில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது மோரைவிடப் பெரிய தப்பு. முப்பது வருடமாக நான் உன் அம்மாவை ஊர் முழுக்கப் புகழ்ந்திருக்கிறேன். அவள் பொறுமை யாருக்கு வரும், அவள் கை பட்டால்தான் பிள்ளை தூங்கும், அவளுக்கு முகம் சுளிக்கவே தெரியாது என்றெல்லாம். அத்தனையும் நிஜம். ஆனால் ஒவ்வொரு புகழ்ச்சிக்குப் பின்னாலும் ஒரு வேலையை அவள் தலையில் வைத்துவிட்டு நான் நழுவியிருக்கிறேன். நீ பிறந்த முதல் வருடம் உன்னை நான் குளிப்பாட்டியது மொத்தம் மூன்று தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்குத்தான் நன்றாக வருகிறது என்பேன். அவளுக்கும் முதல் பிள்ளைதான், அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது என்று அவளே பிற்பாடு சொன்னாள். உன்னுடைய ஏழாம் பிரிவில் அந்த வாடைதான் எனக்கு அடிக்கிறது. அம்மாவுக்குக் குழந்தை என்றால் உயிர், அவளைக் கேட்க வேண்டுமா என்று நினைத்திருப்பாய். அவளுக்கு உயிர்தான். அதற்காகத்தான் கேட்க வேண்டும்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? போனில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிற அம்மாவைத்தான் உனக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் ஸ்கூட்டர் பழகுகிறாள். வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி, சாயங்காலம் காற்றாட உட்கார்ந்திருக்கிற சனத்தையெல்லாம் ஹாரன் அடித்து எழுப்பியபடி ஓட்டுகிறாள். பின்னால் உட்கார்ந்திருப்பது நான். பிரேக் பிடி என்று நான் சொன்னால், “பேசாம வாங்க” என்கிறாள். ஒருதரம் சுவரோரம் போய்ச் சாய்த்துவிட்டாள். முழங்கை சிராய்த்தது, எனக்குத்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பழைய தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருதரம் அழகர்கோவில் போய், மலைமேல் நூபுர கங்கை வரைக்கும் ஏறி இறங்குகிறாள். அந்தக் கூட்டத்தில் ஆண்களைச் சேர்ப்பதில்லை. சித்திரை வந்தால் இரண்டு நாள் முன்பே செம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிடுவாள். மூன்று வருடம் சென்னையில் இருந்தால் இதில் எதெல்லாம் போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. மீதிப் பத்துப் பிரிவும் எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னும் சொன்னால், எங்கள் கல்யாணத்தின்போது இப்படி ஒன்று எழுத எனக்குப் புத்தி வந்திருந்தால் உன் அம்மாவுக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். ஏழாம் பிரிவை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். அழகர் ஆற்றில் இறங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என்னைப் போலத் திருத்தி எழுதிக்கொண்டு வந்து நீட்டாதே. வெள்ளைத் தாளோடு வா. மூன்று மணிக்கு வா, அடுப்படி வேலை ஓய்ந்திருக்கும். இல்லாவிட்டால் நீயே காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேள். அவள் என்ன சொன்னாலும் அதை அவள் வார்த்தையிலேயே எழுது. அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்து மட்டுமில்லை, பிள்ளையார் சுழியும் நானே போடுகிறேன்.

நன்றாக இருங்கள், இரண்டு பேரும். நிவேதாவின் நான்காம் பிரிவை இந்த வீட்டிலும் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று அவளிடம் சொல். நேற்று முதல் சோதனை நடந்தது. பேசிக்கொள்ளாமலே சேர்ந்து சாப்பிட்டோம், பாயசம் வந்ததும் பேசிவிட்டோம்.

உறையில் போட்டு ஒட்டப் போனவனுக்கு, அவளைப் பற்றி இவ்வளவு எழுதியதை அவளிடம் காட்டவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்தாயா, அந்த மோர்க் கதை நடந்து பதினேழு வருடம் கழித்தும் அதே புத்தி. கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள். இனிமேல் கீழே இருப்பது அவள் எழுதியது.

தம்பி, உங்க அப்பா எழுதுனது எல்லாம் படிச்சேன். உப்பு ரெண்டு கைன்னு எழுதியிருக்காரு, மூணு கை, கிண்ணத்துல குறைஞ்சதை நான் பார்த்தேன். ஏழாம் பிரிவை அவரு சொல்லித்தான் இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழகரைப் பார்க்க வந்தவன் நீதானே. சரி போகட்டும், கேக்கத்தான் வரப்போறீங்களே. பேரப்பிள்ளைன்னா எனக்குக் கசக்குமா? வாரேன். ஆனா மூணு வருசமும் முழுசா இல்லை, மாசத்துல பாதி நாள் வாரேன். மீதிப் பாதிக்கு நிவேதா அம்மாவுக்கு ஆசை இருக்கான்னு அவங்களைக் கேளுங்க. நீங்களும் லீவு போடுங்க, ரெண்டு பேரும்தான் பெத்தவங்க. ஸ்கூட்டரையும் ரயில்ல ஏத்திக் கொண்டாருவேன். அப்புறம், சித்திரையில பத்து நாள் நான் மதுரையிலதான் இருப்பேன், அழகரைப் பார்க்கணும். அந்தப் பத்து நாளும் சென்னையில இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, பால் ஆத்திக் குடுத்து, தூங்க வைக்கிறது உங்க அப்பா. இதை அப்படியே ஏழாம் பிரிவுல எழுதிரு. அவருகிட்ட இன்னும் கேக்கலை.